பனியில் காயாத துணி டயப்பர்

கேள்வி: தலைப்பிரசவத்துக்கு ஏற்காட்டில் அம்மா வீட்டில் இருக்கிறேன். குழந்தைக்கு 20 நாள். 12 துணி டயப்பர் வைத்திருக்கிறோம், இந்த மூடுபனியில் இரண்டு நாளானாலும் காய்வதில்லை, வாடை வேறு. அம்மாயி கிருமிநாசினி ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?

பதில்: வேண்டாம், பிஞ்சுத் தோல் அது. பிறந்த குழந்தை ஒரு நாளில் 10, 12 தடவைகூட நனைக்கும், அதனால் உங்களிடம் இருப்பது ஒரு நாள் கணக்குதான். இன்னும் வாங்க ஓடாதீர்கள். தாத்தாவின் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மடித்துக் கட்டுங்கள், விரித்துப் போட்டால் ஒற்றைத் துணி, தடிமனாகத் தைத்த டயப்பரைவிடச் சீக்கிரம் காயும். வாடைக்கு அனேகமாகக் காரணம் சரியாக அலசாததும் ஈரமும்தான். நனைந்ததை உடனே பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு வெந்நீரில் கொஞ்சமாகச் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, நுரை வராமல் போகும்வரை அலசுங்கள். வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் கூடவே கூடாது, துணி ஈரத்தை உறிஞ்சாது. சேலத்தில் உங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் ஒரு அலசல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் தலைகாட்டினால் விடாதீர்கள், மஞ்சள் கறையும் மங்கும். இல்லாவிட்டால் ஃபேன் காற்றில் உலர்த்தி, கடைசி ஈரத்துக்கு இஸ்திரி போடலாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள மேலுறைக்கு மட்டும் இஸ்திரி ஆகாது. அடுப்புப் புகையில் காயவைக்கும் பழக்கம் வேண்டாம், அம்மாயி கோபித்தாலும் சரி. தோல் சிவந்து இரண்டு மூன்று நாளில் தணியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.