சின்னப் படகில் மீன் சுட எந்த கிரில் வாங்கலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து செண்டரோ ஏரிக்குத் தூண்டிலோடு போகிற ஒருவர், 16 அடி ஃபைபர் படகிலேயே மீன் சுட எந்த கிரில் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

கரி வேண்டாம். ருசி அதில்தான், சரி. ஆனால் பக்கத்திலேயே பெட்ரோல் டாங்கி இருக்கிறது.

பியூட்டேன் காஸ் டின் போடுகிற சின்ன கிரில் போதும். நம் ஊர் வெயிலுக்கு அந்த காஸ் தாராளமாக ஆவியாகும், டின்னும் எங்கும் கிடைக்கும். ஆனால் இந்த காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, படகின் அடியில் தேங்கி நிற்கும். அப்போது இன்ஜினை முடுக்கினால் ஒரு பொறியே போதும். அதனால் சமைத்ததும் டின்னைக் கழற்றி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். டின் இருக்கும் பக்கத்தை மறைக்கிற அளவுக்குப் பெரிய சுடுதட்டும் ஆகாது. சூடேறி டின் வெடிக்கலாம்.

அப்புறம், படகு ஆடும் என்பதால் மூடிக்குக் கொக்கி இருக்கிறதா, எண்ணெய்த் தட்டு ஆழமா என்று பாருங்கள். வாழை இலையில் சுற்றி ஈக்கான் பாக்கார் (மலாய்க்காரர்களின் சுட்ட மீன்) மாதிரி சுட்டால் எண்ணெய் அதிகம் சொட்டாது. ஏரி நன்னீர், 304 ரக எவர்சில்வர் போதும். லூமுட் பக்கம் கடலுக்கும் கொண்டுபோவீர்கள் என்றால் 316 வாங்குங்கள், விலை கூடத்தான் இருக்கும்.