திரையில் ஆடும் முன்னாள் வீரருக்கு என்ன கூலி? – கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து முன்னாள் வீரர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகளுக்கு, புதுச்சேரியில் ஒப்பந்த வழக்குகளைக் கவனித்துவரும் வழக்கறிஞன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பம்: ஐயா, பெயரைப் போடாமல் சட்டை எண்ணையும் மாற்றி ஒரு பழைய வீரரை வீடியோ கேமில் சேர்த்தால், அவருக்குப் பணம் தர வேண்டியதில்லை என்கிறார்களே?

நிறுவனங்கள் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிவந்தன. அமெரிக்க நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. எட் ஓபானன் என்பவர் 1995-இல் யூசிஎல்ஏ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி சாம்பியன் ஆனபோது அதில் ஆடியவர். ஓய்வுக்குப் பிறகு கார் விற்பனை நிலையத்தில் வேலை பார்த்துவந்த அவர், நண்பர் வீட்டில் ஒரு சிறுவன் ஆடிக்கொண்டிருந்த கேமில் தன்னையே பார்த்தார். பெயர் இல்லை, ஆனால் அதே மொட்டைத் தலை, அதே இடக்கை, அதே 31-ஆம் எண் சட்டை. கேமை விலைகொடுத்து வாங்கியிருந்தார்கள். அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 2009-இல் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கும், அதையொட்டிப் பிற கல்லூரி வீரர்கள் தொடுத்த வழக்குகளும் சேர்ந்து, கேம் தயாரித்த எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தரப்பு 4 கோடி டாலரும் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ 2 கோடி டாலரும் தருவதாக ஒப்புக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவந்தன.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது, அமெரிக்கக் கால்பந்தின் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) முன்னாள் வீரர்கள் அதே நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு. ‘மேடன்’ கேமில் பழம்பெரும் அணிகள் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றில் பெயர் நீக்கப்பட்டு எண் மாற்றப்பட்டிருந்தாலும், உயரம், எடை, ஆடிய இடம், அனுபவ ஆண்டுகள், திறன் அளவு எல்லாம் அந்தந்த வீரருடையவையாகவே இருந்தன. வீரர்களின் சாயல் தற்செயலாக இடம்பெற்றது என்று நிறுவனம் வாதிட்டது. அந்தச் சாயல்தான் கேமின் வணிக நோக்கத்துக்கே மையம் என்று சொல்லி, 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. பார்ப்பவர் இன்னார் என்று அடையாளம் காண முடிகிறதா என்பதே கேள்வி.

நெய்வேலி, கேம் வடிவமைப்பில் வேலை செய்பவர்: ஓட்டமும் விக்கெட்டும் பத்திரிகையில் வந்த செய்தி. முகத்தை வரைவதும் அசைவுகளை அமைப்பதும் எங்கள் உழைப்பு. எல்லோருக்கும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தால் சிறு நிறுவனம் எப்படிப் பிழைக்கும்?

உங்கள் வாதத்தில் ஒரு பாதி சரியானது. இந்தியாவில் அதற்கு நீதிமன்ற ஆதரவும் உண்டு. 2023 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், கிரிக்கெட் வீரர்களின் டிஜிட்டல் அட்டைகளை விற்ற ஒரு கேம் தளத்துக்கு எதிராகத் தடை கேட்கப்பட்டபோது, பொதுவெளியில் கிடைக்கும் பெயரையும் புள்ளிவிவரத்தையும் ஓவியமாக வரைந்த உருவத்தையும் பயன்படுத்துவதற்கு உரிமம் தேவையில்லை என்று சொல்லித் தடைதர மறுத்தது. ஆனால் ஆட்டோ சங்கர் வழக்கு என்று நாம் அறிந்த 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், ஒருவரின் பெயரையோ சாயலையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்கோ பிறவற்றுக்கோ பயன்படுத்துவது அவருடைய உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2015-இல் ரஜினிகாந்த் ஓர் இந்திப் படத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், ஆள் அடையாளம் தெரிந்தாலே போதும், மக்கள் குழம்பினார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. புதுச்சேரியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குள் வருவதால் நம் இரு ஊர்க்காரர்களுக்கும் இந்தத் தீர்ப்பு முக்கியமானது.

வில்லியனூர், முன்னாள் கைப்பந்து வீரர்: நெய்வேலித் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் ஸ்மாஷ் அடிக்கும்போது இடது தோள் முதலில் இறங்கும். உப்பளம் மைதானத்தில் முதுகைப் பார்த்தே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதை வரைந்தது யார் உழைப்பு?

நெய்வேலி: அண்ணே, உங்கள் தோளைக் கவனித்து, ஒவ்வொரு ஃபிரேமாக அசைத்துப் பார்த்துச் சரிசெய்ய எனக்கு இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரம் உங்களுடையது இல்லையே.

இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். இந்த விவாதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நெய்வேலி நண்பரே, நீங்கள் இரண்டு வாரம் செலவிட்டது அந்தத் தோள் அவருடைய தோளாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். வேறு யாருடைய தோளாகத் தெரிந்தாலும் போதும் என்றால் இரண்டு மணி நேரத்தில் முடித்திருப்பீர்கள். அந்த வேறுபாட்டுக்குத்தான் வாடிக்கையாளர் பணம் தருகிறார். உங்கள் உழைப்புக்குச் சம்பளம் இருக்கிறது. அவர் பல ஆண்டுகள் செலவிட்டு உருவாக்கிய அசைவுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

வில்லியனூர் ஐயாவுக்கும் ஓர் எச்சரிக்கை. நம் பதிப்புரிமைச் சட்டம் ‘நிகழ்த்துநர்’ என்று நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. விளையாட்டு வீரரைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. ‘நிகழ்த்தும் வேறு எவரும்’ என்ற சொற்களுக்குள் உங்களைக் கொண்டுவர வாதாட வேண்டியிருக்கும். பாம்பாட்டிக்குக் கிடைத்த வெளிப்படையான இடம் உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அரியாங்குப்பம்: பெயர் போடவில்லை என்றால் வழக்குப் போட முடியுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: சங்கமாகச் சேர்ந்தால் சங்கமே பேசி வாங்கித் தராதா?

தரலாம். ஆனால் சங்கத்தையும் கண்காணிக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்து வீரர் சங்கத்தின் உரிமப் பிரிவு, ஓய்வுபெற்றவர்களிடமும் குழு உரிமத்துக்கு (பலருடைய பெயரையும் உருவத்தையும் ஒன்றாகச் சேர்த்து நிறுவனங்களுக்குத் தரும் அனுமதிக்கு) கையெழுத்து வாங்கியிருந்தது. அதே பிரிவின் அதிகாரி ஒருவர் 2001-இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு அனுப்பிய கடிதத்தில், ஓய்வுபெற்றவர்களின் அடையாளத்தை யாருக்கும் தெரியாதபடி குழப்பிவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். தம் உறுப்பினருக்குப் பணம் வரவேண்டிய வழியைத் தாமே அடைத்த கடிதம் அது. ஹெர்ப் ஆடர்லி தலைமையில் 2,000-க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடுத்து, 2008-இல் ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) சங்கத்தை 2.81 கோடி டாலர் தரச் சொன்னது. மறு ஆண்டு 2.625 கோடிக்குச் சமரசம் ஆனது. எனவே சங்கத்தில் சேருங்கள். கூடவே, சங்கம் யாரோடு எந்த ஒப்பந்தம் செய்தாலும் அதன் நகலைக் கேளுங்கள்.

கையெழுத்துப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லிவருகிறேன், இங்கும் சொல்கிறேன். சென்ற ஆண்டு முன்னாள் கபடி வீரர் ஒருவர் எட்டாக மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளூர்ப் போட்டி ஒன்றின் பதிவுப் படிவம் அது. முன்பக்கம் ரத்தப் பிரிவும் சட்டை அளவும் கேட்டிருந்தார்கள். பின்பக்கம் பொடி எழுத்து ஆங்கிலத்தில், அவருடைய உருவத்தை ‘இப்போது இருப்பதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும், உலகெங்கும், காலவரம்பின்றி’ பயன்படுத்தச் சம்மதம் என்றிருந்தது. அதன்கீழ் அவர் தமிழில் அழகாகக் கையெழுத்திட்டிருந்தார். அந்தப் பக்கத்தை அவர் திருப்பிப் பார்த்ததே இல்லை. பின்பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பண்ருட்டி: எவ்வளவு கேட்கலாம்?

2024-இல் வந்த அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து கேமில் அப்போது ஆடிக்கொண்டிருந்த 10,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தலைக்கு 600 டாலரும் ஒரு கேம் பிரதியும் பெற்றுக்கொண்டு சம்மதித்தார்கள். மறுபக்கம், ஜிம் பிரவுன் என்ற புகழ்பெற்ற முன்னாள் வீரர் தனியாக வழக்காடி 2016-இல் 6,00,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார். மொத்தமாக ஒருமுறை வாங்குவதைவிட, விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, அதைத் திரையில் வரும் எல்லோருக்கும் சமமாகப் பிரித்து, அட்டைப் படத்தில் வருபவருக்கு மட்டும் தனியாகக் கூடுதல் தருவதே நியாயம் என்று நினைக்கிறேன். ஓரத்து ஆட்டக்காரர் இல்லாமல் அணி இல்லை.

சிதம்பரம்: நலிந்த முன்னாள் வீரர்களுக்கான அரசு ஓய்வூதியம் பெறுவது எப்படி?

மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள்.

பாகூர்: என் தந்தை காலமாகிவிட்டார். அவர் உருவத்துக்கு நாங்கள் கேட்கலாமா?

கடினம். ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுக்குச் சொத்துப்போல் போவதில்லை என்று ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படம் தொடர்பான வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் இன்றைய நிலை அதுதான். தந்தை உயிரோடிருந்தபோது எழுதிக்கொண்ட ஒப்பந்தம் ஏதேனும் இருந்தால், அதன்கீழ் வரவேண்டிய பாக்கியைக் கேட்பது வேறு விஷயம். அதற்கு வழி உண்டு. பெட்டியில் தேடிப் பாருங்கள்.

முத்தியால்பேட்டை: பெயரும் இல்லை, முகமும் இல்லை, எண் மட்டும் இருந்தால்?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. எண்ணோடு வேறு என்னென்ன ஒத்துப்போகின்றன என்று எழுதி அனுப்புங்கள். திரையின் படம் இருந்தால் தேதியோடு எடுத்து வையுங்கள். நீங்கள் போட்டிருந்த சட்டையின் பழைய புகைப்படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பின்பக்கத்தோடு பதிவுப் படிவம் இருந்தால் அதையும்.