மும்பையா, டெல்லியா? நகர வரிசை பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஊர்ச் சண்டைகள். சென்னை பெரிதா பெங்களூரு பெரிதா, மதுரையா கோவையா என்று தீர்ப்புக் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன், ஆனால் எல்லைக்கல் எங்கே நட்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான். வேறு ஆண்டு குறிப்பிடாத இடங்களில் எண்கள் எல்லாம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சேர்ந்தவை.

ஒரு பட்டியலில் சென்னை நான்காவது பெரிய நகரம்; இன்னொன்றில் ஆறாவது. எது சரி? பெங்களூருவைவிடச் சென்னை பெரிதா, சிறிதா? — திருச்சி வாசகர்

இரண்டு பட்டியலும் சரி. ஆறாவது என்பது மாநகராட்சி எல்லைக்குள் எண்ணியது: மும்பை, டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், அதன்பின் சென்னை. நான்காவது என்பது 'நகரத் திரள்' கணக்கு: மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை. ஒரு நகரமும், அதை ஒட்டி இடைவெளியில்லாமல் வளர்ந்துவிட்ட பக்கத்து ஊர்களும் சேர்ந்தது திரள். அதில் அரசு அறிவித்த, சட்டப்படியான நகரம் ஒன்றாவது இருக்க வேண்டும். மொத்த மக்கள் 20,000க்குக் குறையக் கூடாது.

2011 தொடக்கத்தில் கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாக வந்தபோது சென்னை மாநகராட்சியின் பரப்பு சுமார் 174 சதுர கிலோமீட்டர்தான். அம்பத்தூர், ஆலந்தூர், ஆவடி, பல்லாவரம், தாம்பரம் எல்லாம் வெளியே நின்றன. உள்ளே 46.5 லட்சம் பேர், திரள் முழுவதும் 86.5 லட்சம். அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. எல்லை இரண்டு ஆண்டுகள் முன்னதாக விரிந்திருந்தால் சென்னை அகமதாபாதைத் தாண்டியிருக்கும். பெங்களூருவோ 2007லேயே சுற்றியிருந்த நகராட்சிகளையும் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அதனால் அதற்கு மாநகராட்சிக் கணக்கு 84.4 லட்சம், திரள் கணக்கு 85.2 லட்சம், இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

ஆக, திரளாகப் பார்த்தால் 2011இல் சென்னைதான் பெரிது, ஒரு லட்சத்துச் சொச்சம் பேரால். சென்னைக்காரர்கள் அவசரப்பட்டு மகிழ வேண்டாம். 2001இல் அந்த இடைவெளி எட்டு லட்சத்துக்கு மேல் இருந்தது. இது கரைந்த வேகத்தைப் பார்த்தால், அடுத்த கணக்கெடுப்பில் பெங்களூரு முந்தியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கேரளத்தின் மலப்புரம் பத்து லட்சத்தைத் தாண்டிய நகரமாமே? நான் போயிருக்கிறேன். மலைமேல் இருக்கிற அமைதியான சிற்றூர் அது. யாரோ தவறாக எழுதியிருக்கிறார்களா? — பொள்ளாச்சி வாசகி

தவறில்லை. நீங்கள் பார்த்தது நகராட்சி; பட்டியலில் இருப்பது திரள். இந்தியக் கணக்கெடுப்பில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். 2001இல் மலப்புரம் நகரத் திரளின் மக்கள்தொகை சுமார் 1.7 லட்சம். 2011இல் சுமார் 17 லட்சம். பத்தே ஆண்டில் பத்து மடங்கு! பதினைந்து லட்சம் பேர் எங்கிருந்தும் வந்து குடியேறவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்கள் ஊருக்குப் பெயர் மாறியது.

மாநில அரசு ஓர் இடத்தை நகராட்சி என்றோ பேரூராட்சி என்றோ அறிவித்தால் அது சட்டப்படியான நகரம். அப்படி அறிவிக்காவிட்டாலும் கணக்கெடுப்புத் துறை தானே ஓர் ஊரை 'கணக்கெடுப்பு நகரம்' என்று வகைப்படுத்தலாம். அதற்கு மூன்று அளவுகோல்கள்: குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், முழுநேரமாக வேலை செய்யும் ஆண்களில் 75 சதவீதத்தினராவது விவசாயத்துக்கு வெளியே இருப்பது. கேரளத்தில் முதல் இரண்டும் கிராமங்களுக்கே சாதாரணம். வீட்டுக்கு வீடு தென்னந்தோப்பு நடுவில் இருந்தாலும், ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெட்டவெளி கிடையாது. ஆண்கள் வயலை விட்டுக் கடைக்கும் கட்டட வேலைக்கும் அலுவலகத்துக்கும் நகர்ந்தபோது மூன்றாவதும் நிறைவேறிவிட்டது. கிராம ஊராட்சியாகவே நீடித்தபடி நூற்றுக்கணக்கான ஊர்கள் கணக்கெடுப்பு நகரங்களாயின. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்ததால் திரள்களாகக் கோக்கப்பட்டன.

விளைவு: 2001இல் கேரளத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிய திரள் கொச்சி ஒன்றுதான், 2011இல் ஏழு. கொச்சி, கோழிக்கோடு, திருச்சூர், மலப்புரம் ஆகிய நான்குக்கும் பிறகே தலைநகர் திருவனந்தபுரம் வருகிறது. மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் எண்ணினால் அதே திருவனந்தபுரம் முதலிடம்! நாடு முழுவதும் இதே கதைதான். 2001இல் 1,362 ஆக இருந்த கணக்கெடுப்பு நகரங்கள் 2011இல் 3,894.

சிரிக்கும் முன் தமிழ்நாட்டையும் பார்த்துவிடுங்கள். 2004இல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் ஓர் அரசாணையில் சிறப்புச் சிற்றூராட்சிகளாயின; 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. நகரவாசிகள் கிராமவாசிகளாகித் திரும்பவும் நகரவாசிகளானார்கள், திண்ணையை விட்டு எழாமலே.

இந்தியாவின் மிகப் பெரிய நகரம் மும்பை என்று படித்தேன். என் மகள் டெல்லி என்கிறாள். — சேலம் வாசகர்

கணக்கெடுப்பின்படி நீங்கள் படித்தது சரி: மும்பைத் திரள் 1.84 கோடி, டெல்லித் திரள் 1.63 கோடி. ஆனால் மகள் பக்கமே நியாயம் அதிகம் என்பேன்.

மும்பைத் திரளில் தாணே, கல்யாண்-டோம்பிவிலி, நவி மும்பை எல்லாம் உண்டு, எல்லாமே மகாராஷ்டிரம். டெல்லித் திரளோ தேசியத் தலைநகர்ப் பிரதேசத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது. அந்தக் கோட்டுக்கு அப்பால் உத்தரப் பிரதேசத்தில் காஜியாபாத் சுமார் 23.6 லட்சம், நொய்டா 6.4 லட்சம்; ஹரியானாவில் ஃபரிதாபாத் 14 லட்சம், குருகிராம் 9 லட்சம். மெட்ரோவில் ஏறி நொய்டாவில் இறங்குகிறவருக்கு மாநிலம் மாறியது தெரியவே தெரியாது. இவற்றைச் சேர்த்தால் டெல்லி 2.1 கோடியைத் தாண்டுகிறது. மும்பைக்காரர்கள் விடமாட்டார்கள்: "எங்கள் வசாய்-விராரும் தனித் திரளாகத்தானே நிற்கிறது?" உண்மைதான். அதன் 12 லட்சத்தைச் சேர்த்தாலும் மும்பை இரண்டு கோடியை எட்டாது.

மதுரையா, கோவையா? — இரண்டு ஊர்களிலிருந்தும் பலர்

கோவை. திரளாக அது 21 லட்சத்துக்கு மேல், மதுரை 14.6 லட்சம். மதுரைக்காரர்களுக்கு ஆறுதலாக: 1991இல் மாநகராட்சி எல்லைக்குள் மதுரை சுமார் 9.4 லட்சம், கோவை 8.2 லட்சம். தமிழகத்தின் இரண்டாவது பெரிய நகரம் மதுரை என்று சின்ன வயதில் படித்தவர்கள் தவறாகப் படிக்கவில்லை. பழைய எல்லைப்படி 2011இலும் இரண்டும் பத்து லட்சத்தை ஒட்டியே நின்றன. கோவையின் வளர்ச்சி எல்லைக்கு வெளியே நடந்தது.

இந்த வரிசையால் யாருக்கு என்ன லாபம்? வினாடி வினாவுக்குத்தானே? — நெல்லை வாசகர்

நெல்லையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படிக்கு நகரங்கள் மூன்று வகை: 50 லட்சமும் அதற்கு மேலும் எக்ஸ், 5 முதல் 50 லட்சம் வரை ஒய், மற்றவை இசட். ஏழாவது சம்பளக் குழுவுக்குப் பின் தொடங்கிய விகிதம் அடிப்படைச் சம்பளத்தில் 24, 16, 8 சதவீதம். அகவிலைப்படி ஏற ஏற இது 30, 20, 10 வரை உயரும் ஏற்பாடு. மூன்று வகைக்கும் அடிப்படை திரளின் மக்கள்தொகை. தமிழ்நாட்டில் எக்ஸ் சென்னை மட்டும். ஒய் வகையில் கோவை, மதுரை, திருச்சி, திருப்பூர், சேலம், ஈரோடு.

நெல்லை? அதன் திரள் சுமார் 4.98 லட்சம். கோட்டைத் தொட இரண்டாயிரம் பேர் போதும். பக்கத்து ஊராட்சிகளில் இன்னும் ஒன்றைத் திரளில் சேர்த்திருந்தால், அங்கே பணிபுரியும் ரயில்வே ஊழியரும் தபால் ஊழியரும் இரண்டு மடங்கு வீட்டு வாடகைப்படி வாங்கியிருப்பார்கள். வினாடி வினா மட்டும்தான் என்று இனியும் சொல்வீர்களா?

கொல்கத்தா சுருங்குகிறதாமே? — தஞ்சை வாசகி

மாநகராட்சிக்குள் ஆம்: 2001இல் 45.7 லட்சம், 2011இல் 45 லட்சம். பழைய நகரத்தின் நடுப்பகுதியில் வீடுகள் கடைகளாகவும் அலுவலகங்களாகவும் மாறும்; குடும்பங்கள் வெளியே நகரும். மும்பையின் தீவுப் பகுதியிலும் அந்தப் பத்தாண்டில் 33 லட்சம் 31 லட்சமானது. ஆனால் ஹூக்ளியின் அக்கரையிலுள்ள ஹவுராவையும் மற்றவற்றையும் சேர்த்த கொல்கத்தாத் திரள் 1.41 கோடி, அது சுருங்கவில்லை.

உலகில் முதலிடம் டோக்கியோ என்றுதான் எப்போதும் கேட்டிருக்கிறேன். திடீரென்று ஜகார்த்தா என்கிறார்கள். — புதுச்சேரி வாசகர்

ஐக்கிய நாடுகள் சபையின் 2018 மதிப்பீட்டில் டோக்கியோ 3.7 கோடியுடன் முதலிடம், டெல்லி இரண்டாவது. 2025 மதிப்பீட்டில் ஜகார்த்தா சுமார் 4.2 கோடி, டாக்கா 3.7 கோடி, டோக்கியோ 3.3 கோடி, டெல்லி 3 கோடி. ஜகார்த்தா 2018இல் ஒரு கோடிச் சொச்சம்தான் இருந்தது.

நடந்தது அளவுகோல் மாற்றம். முன்பு அந்தந்த நாடு தந்த வரையறையை ஏற்றுக்கொண்டு எண்ணினார்கள். இப்போது நாட்டையே ஒரு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் குறைந்தது 1,500 பேர் உள்ளவை ஒட்டிக்கொண்டே போய் மொத்தம் 50,000 பேரைத் தொட்டால் அது நகரம் என்கிறார்கள். அரசு ஆணையோ மாநில எல்லையோ அந்தக் கட்டங்களின் கண்ணுக்குத் தெரியாது. மலப்புரத்தில் நடந்தது ஜகார்த்தாவிலும் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். நாடுகளை ஒப்பிட இந்த முறைதான் நல்லது. ஆனால் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் வைத்து 'வளர்ச்சி' கணக்கிடாதீர்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பத்து லட்சத்தைத் தாண்டிய நகரங்கள் எத்தனை? — விருதுநகர் மாணவி

2001இல் 35, 2011இல் 53. இவை திரள்களின் எண்ணிக்கை. கேள்வியில் 'மாநகராட்சி' என்ற சொல் இருந்தால் இந்த விடையை எழுதிவிடாதீர்கள்.

புதிய கணக்கெடுப்பு வந்ததும் இந்தக் குழப்பமெல்லாம் தீருமா? — ஆவடி வாசகர்

தீராது, கூடத்தான் செய்யும். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்புத் தேதி 2027 மார்ச் 1. நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31க்குள் இறுதி செய்ய மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது. அதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது. பெங்களூருவின் ஒற்றை மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்தது. மாநகராட்சிப் பட்டியலில் மூன்றாவதாக நின்ற நகரம் ஐந்து துண்டுகளாகக் கீழே சிதறப்போகிறது. டெல்லி 2012இல் மூன்று மாநகராட்சிகளாகி, 2022இல் மீண்டும் ஒன்றானது. கணக்கெடுப்பு 2021இலேயே நடந்திருந்தால் அதுவும் சிதறித்தான் தெரிந்திருக்கும்.

உங்கள் ஆவடி 2019இலும் தாம்பரம் 2021இலும் மாநகராட்சியாகிவிட்டன. ஒரு பட்டியலில் ஆவடி தனிப் பெயரோடு, தனி எண்ணோடு வரும். இன்னொன்றில் சென்னைக்குள் கரைந்திருக்கும். கடிதத்தில் நீங்கள் 'சென்னை - ஆவடி' என்று முகவரி எழுதியிருப்பதைக் கவனித்தேன்.