தமிழ் எழுத்துரு, பக்க அமைப்பு: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: அண்ணா, ஊர்த் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிறோம். கமிட்டியில் எல்லாவற்றையும் பெரிதாகப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: நோட்டீஸை வாங்குகிறவர் முதலில் தேடுவது நாளும் நேரமும்தான். விழாப் பெயரோடு அவற்றைப் பெரிதாக்குங்கள். நன்கொடையாளர் பட்டியல் 9 பாயின்டில் (பாயின்ட் என்பது எழுத்தளவின் அலகு) இருந்தாலும் போதும். அவரவர் பெயரை அவரவர் கண்டுபிடித்துவிடுவார்!

கமிட்டி ஒப்பவில்லை என்றால் மூன்று பிரதி எடுங்கள். ஒன்றில் எழுத்தின் அளவை மட்டும் மாற்றுங்கள், இன்னொன்றில் தடிமனை மட்டும், மூன்றாவதில் சுற்றியுள்ள வெற்றிடத்தை மட்டும். சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அந்த மங்கலிலும் எது தெரிகிறதோ அதுதான் தலைப்பாக நிற்கும். எனக்குப் பெரும்பாலும் பிடித்துப்போவது மூன்றாவதுதான்.

கேள்வி: துணைத்தலைப்புக்குச் சாய்வெழுத்து போடலாமா சார்?

பதில்: வேண்டாமே. பல எழுத்துருக்களில் சாய்வு தனியாக வரையப்பட்டிருக்காது. மென்பொருள்தான் எழுத்தைத் தள்ளிச் சாய்க்கும். தமிழில் கேப்பிடல் எழுத்தும் கிடையாது. அதனால் தடிமன், அளவு, நிறம், இடைவெளி, இவற்றை வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

கேள்வி: தலைப்பில் எழுத்துகளை விலக்கி வைத்தால் அழகாக இருக்குமா?

பதில்: ஆங்கிலக் கேப்பிடல் எழுத்துக்கு அது பொருந்தும். இங்கே சில மென்பொருள்களில் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்.

கேள்வி: கைபேசியில் என் கட்டுரை நெருக்கமாகத் தெரிகிறது. எழுத்தைப் பெரிதாக்கியும் சரியாகவில்லை.

பதில்: அளவை விடுங்கள், வரி இடைவெளியைப் பாருங்கள். 'மூ', 'கு' போன்றவை கீழே இறங்கும். 'கி', 'வீ' மேலே சுழிக்கும். மேல் வரியில் 'மூழ்கு', அதற்கு நேர் கீழே 'வீட்டில்' வரும்படி எழுதிப் பாருங்கள், இடிப்பது தெரியும். எழுத்தளவைப் போல் 1.6 மடங்கில் தொடங்கி, 1.8 வரை ஏற்றிப் பார்க்கலாம். எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும்.

அப்புறம், வரிகளின் இரு ஓரமும் நேராக நிற்கும்படி சமன் செய்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு' ஒரே சொல். குறுகிய திரையில் அது அடுத்த வரிக்குப் போய்விட்டால், மேல் வரியில் மிஞ்சும் சொற்கள் பல் விழுந்த வாய்போல நிற்கும். இடப்பக்கம் மட்டும் சீராக விட்டுப் பாருங்கள்.