ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும்: எது முதலில் உள்ளே போகிறது?

வாசகர் கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. ஸ்டென்ட் வைத்ததிலிருந்து தினமும் காலையில் 75 மி.கி. ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். மூட்டு வலி வரும்போது மெடிக்கல் ஷாப்பில் இபுப்ரோஃபென் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அதைக் கூடவே போடக் கூடாது என்று டாக்டர் கண்டித்தார். நான் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். இரண்டு மருந்தும் ஒரே புரதத்தைத்தான் தடுக்கின்றன என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் பலன் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறையும்? அணு அளவில் என்ன நடக்கிறது என்று விளக்க முடியுமா?

பதில்: முதலில் வீட்டுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்தவே கூடாது. இபுப்ரோஃபெனை இதய மருத்துவரிடம் கேட்காமல் போடவும் கூடாது. காலை ஆஸ்பிரினுக்குச் சற்று முன்னாலோ, அதோடு சேர்த்தோ இபுப்ரோஃபென் போட்டால், அன்றைய ஆஸ்பிரின் பெரும்பாலும் வீணாகிவிடும். டாக்டர் கண்டித்தது சரிதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். இரண்டும் ஒரே புரதத்தைத் தடுக்கின்றன என்பது உண்மை. அந்தப் புரதத்தின் பெயர் சைக்ளோஆக்சிஜனேஸ்-1, சுருக்கமாக காக்ஸ்-1. அராக்கிடோனிக் அமிலம் என்ற 20 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலத்தை உள்ளே வாங்கி, ஆக்சிஜன் ஏற்றி அனுப்புவது அதன் வேலை. ரத்தத் தட்டணுக்களுக்குள் அந்தச் சரக்கு அடுத்த கட்டத்தில் த்ராம்பாக்சேன் ஆகிறது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதற்கு அது ஒரு முக்கியமான தூண்டுதல். ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்த நொதியைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஆனால் தடுப்பு எந்த இடத்தில், எந்த அணுவைத் தொட்டு நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு சிகாகோவில் கரவிட்டோவின் குழு காக்ஸ்-1இன் படிக அமைப்பை எக்ஸ்-ரே மூலம் வெளிக்கொண்டுவந்தது. அவர்கள் பயன்படுத்தியது செம்மறிக் கிடாவின் விந்துப்பையிலிருந்து எடுத்த புரதம். அதனால் இன்றைக்கும் நாங்கள் அமினோ அமிலங்களுக்குச் சொல்லும் எண்கள் ஆட்டின் எண்கள்தான். கீழே நான் செரின்-530 என்று எழுதுவது மனிதப் புரதத்தில் 529ஆவது இடம். பழக்கத்தை யாரும் மாற்றவில்லை.

காக்ஸ்-1இன் நடுவில் ஒரு குறுகலான குழாய் போகிறது. ஆழம் ஏறத்தாழ 25 ஆங்ஸ்ட்ராம். (ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்.) குழாயின் சுவர் பெரும்பாலும் எண்ணெய்த் தன்மையுள்ள அமினோ அமிலங்களால் ஆனது: லூசின், வேலின், ஐசோலூசின். வாய்ப்பக்கம் ஆர்ஜினின்-120 நேர்மின்னூட்டத்தோடு நிற்கிறது, பக்கத்திலேயே டைரோசின்-355. உச்சியில் டைரோசின்-385, உண்மையான வினையைத் தொடங்கி வைப்பது இதுதான். அதற்குச் சற்றுக் கீழே செரின்-530. இந்த நாலு பெயர்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இபுப்ரோஃபென் 33 அணுக்கள் கொண்ட சின்ன மூலக்கூறு. ஒரு முனையில் கார்பாக்சிலேட், அதாவது எதிர்மின்னூட்டம். நடுவில் பென்சீன் வளையம். மறுமுனையில் ஐசோபியூட்டைல் என்ற எண்ணெய்ப் பசையுள்ள வால். இது குழாய்க்குள் நுழைந்ததும் கார்பாக்சிலேட் ஆர்ஜினின்-120இன் நேர்மின்னூட்டத்துக்கு எதிரே வந்து நிற்கிறது. அதன் ஆக்சிஜனுக்கும் ஆர்ஜினினின் நைட்ரஜனுக்கும் இடையே மூன்று ஆங்ஸ்ட்ராம் போல இடைவெளி. டைரோசின்-355இன் ஹைட்ராக்சில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு கொடுக்கிறது. வளையமும் வாலும் மேல்நோக்கி, செரின்-530 இருக்கும் பக்கம் போய் அடைகின்றன. இபுப்ரோஃபெனோடு சேர்ந்த காக்ஸ்-1 படிகத்தின் படம் 2001இல் வெளியானது. அதில் இவையெல்லாம் தெளிவாகத் தெரிகின்றன.

பாடப்புத்தகப் படங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் ஏமாற்றும் என்பது என் எண்ணம். மருந்துக்கும் புரதத்துக்கும் இடையே நாலைந்து புள்ளிக்கோடு போட்டு, ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் மருந்தைப் பிடித்து நிறுத்துகின்றன என்பது போலக் காட்டிவிடுவார்கள். மருந்து உள்ளே வருவதற்கு முன்னால் எங்கே இருந்தது? தண்ணீரில். அதன் கார்பாக்சிலேட்டைச் சுற்றி ஏற்கெனவே நீர் மூலக்கூறுகள் நின்று ஹைட்ரஜன் பிணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தன. உள்ளே போக வேண்டுமானால் அவற்றையெல்லாம் உதறிவிட வேண்டும். ஆர்ஜினினும் தன்னைச் சுற்றிய நீரை விட வேண்டும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் கணக்கு இது. கடைசியில் கையில் நிற்பது சொற்பம். ஆனால் அந்த இடத்தில் பிணைப்பு அமையாமல் போனால் நட்டம் பெரிது. ஆகவே புள்ளிக்கோடுகள் மருந்து எந்தத் திசையில், எந்த நிலையில் அமர வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. பலத்தின் பெரும்பங்கு வேறு இடத்திலிருந்து வருகிறது.

அந்த வேறு இடம் எண்ணெய்ப் பகுதி. வளையத்தையும் வாலையும் சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகளுக்கு அங்கே கைகோக்க ஆள் இல்லை. ஆகவே தங்களுக்குள்ளேயே ஓர் ஒழுங்கில் கைகோத்து நிற்க வேண்டியிருக்கிறது. மருந்து எண்ணெய்த்தன்மையுள்ள குழாய்க்குள் புகுந்ததும் அந்த நீருக்கு விடுதலை, என்ட்ரோபி (ஒழுங்கின்மை) கூடுகிறது. இதோடு, மருந்தின் கார்பன்களும் சுவரின் கார்பன்களும் 3.5 முதல் 4 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் நெருங்கும்போது கிடைக்கும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக எடுத்தால் ஒன்றுமே இல்லை. டஜன் கணக்கில் சேரும்போதுதான் தெரியும். உடல் வெப்பநிலையில் மோலுக்கு 1.4 கிலோகலோரி கூடுதலாகக் கிடைத்தாலே பிடிப்பு பத்து மடங்கு கூடிவிடும், நீங்களே ஆர்.டி. லான் 10 போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு இருந்தும் இபுப்ரோஃபென் குழாய்க்குள் நிரந்தரமாகத் தங்குவதில்லை. வெப்ப அசைவில் புரதமும் மருந்தும் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று வெளியே வரும், இன்னொன்று உள்ளே போகும். எந்த நேரத்திலும் எத்தனை குழாய்கள் நிரம்பியிருக்கின்றன என்பதை ரத்தத்தில் இருக்கும் மருந்தின் செறிவு தீர்மானிக்கிறது. செறிவு குறையக் குறைய குழாய்கள் காலியாகும், நொதி பழையபடி வேலைக்குத் திரும்பும்.

ஆஸ்பிரின் இதற்கு நேர்மாறு. 21 அணுதான். பிடிப்பும் பலவீனம், வெறும் ஒட்டுதலை மட்டும் நம்பியிருந்தால் அது மருந்தே ஆகியிருக்காது. அதன் கார்பாக்சிலேட்டும் ஆர்ஜினின்-120 பக்கம் சாய்கிறது. அப்போது மேல்நோக்கி நிற்கும் அசிட்டைல் தொகுதி டைரோசின்-385க்கும் செரின்-530க்கும் கிட்டே வந்துவிடுகிறது. டைரோசினின் ஹைட்ராக்சில் அந்த அசிட்டைலின் ஆக்சிஜனை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடிக்க, பக்கத்துக் கார்பனில் எலக்ட்ரான் பஞ்சம் கூடுகிறது. செரினின் ஆக்சிஜன் அந்தக் கார்பனைத் தாக்குகிறது. பழைய எஸ்டர் பிணைப்பு அறுந்து, அசிட்டைல் செரின்மேல் ஏறிவிடுகிறது. மிச்சமான சாலிசிலிக் அமிலம் கழன்று போகிறது. கார்பனுக்கும் செரினின் ஆக்சிஜனுக்கும் இடையே இப்போது இருப்பது சகப்பிணைப்பு (எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் உறுதியான பிணைப்பு), நீளம் ஒன்றரை ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவு. புரதத்தில் எத்தனையோ செரின்கள் இருக்க இது மட்டும் மாட்டுவதற்குக் காரணம், குழாய் ஆஸ்பிரினைச் சரியான கோணத்தில் இதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதுதான். 1995இல் அதே சிகாகோ குழு, அசிட்டைலில் ஒரு புரோமின் அணுவைச் சேர்த்த ஆஸ்பிரினைப் பயன்படுத்தி, செரின்-530மேல் அந்தத் துண்டு ஒட்டியிருப்பதையும் பக்கத்திலேயே சாலிசிலேட் கிடப்பதையும் படம் பிடித்தது.

பஸ் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இபுப்ரோஃபென் உட்கார்ந்து கொஞ்ச தூரம் போய் இறங்கிவிடும் ஆள். ஆஸ்பிரின் ஒரு நிமிடம் உட்கார்ந்து, துண்டைப் போட்டுவிட்டு இறங்கிவிடும் ஆள். துண்டு கிடக்கும் வரை வேறு யாரும் அங்கே உட்கார முடியாது. துண்டு போட வேண்டிய நேரத்தில் சீட்டில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால்?

அந்த நேரம் மிகக் குறுகியது என்பதுதான் இங்கே விஷயம். விழுங்கிய ஆஸ்பிரின் ரத்தத்தில் முழு ஆஸ்பிரினாக இருப்பது சொற்ப நேரம்தான். அதன் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 15 முதல் 20 நிமிடம். அந்த வேகத்தில் அசிட்டைலை இழந்து சாலிசிலேட் ஆகிவிடுகிறது. சாலிசிலேட்டிடம் செரினுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. இபுப்ரோஃபெனின் அரை ஆயுளோ சுமார் 2 மணி நேரம். முதலில் இபுப்ரோஃபென் போட்டு, குழாய்களெல்லாம் நிரம்பியிருக்கும்போது ஆஸ்பிரின் வந்தால், உள்ளே நுழைய வழியில்லாமல் சுற்றிவிட்டு அழிந்துபோகிறது. சில மணி நேரம் கழித்து இபுப்ரோஃபென் இறங்கும்போது, கீழே இருப்பது துளியும் பாதிக்கப்படாத செரின். மறுநாள் காலை வரை அந்தத் தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்க ஆள் கிடையாது.

ஆஸ்பிரின் முதலில் போனால் கதையே வேறு. தட்டணுவுக்கு நியூக்ளியஸ் இல்லை, ஆகவே புது காக்ஸ்-1 செய்துகொள்ள அதனால் முடியாது. ஒட்டிய அசிட்டைல் அதன் 8 முதல் 10 நாள் ஆயுள் முழுவதும் ஒட்டியபடியே இருக்கும். ரத்தம் கட்டுவது நன்றாகக் குறைய வேண்டுமானால் த்ராம்பாக்சேன் உற்பத்தியை 95 சதவீதத்துக்கும் மேல் நிறுத்த வேண்டும். நாள் முழுக்க அந்த அளவில் நிறுத்தி வைக்க 75 மி.கி. ஆஸ்பிரினால் முடிகிறது. ஏறி இறங்கும் இபுப்ரோஃபெனால் முடிவதில்லை. உங்கள் "பலன் கூட வேண்டுமே" என்ற கணக்கு இங்கேதான் தவறுகிறது.

இதை மனிதர்களிடமே சோதித்துப் பார்த்த ஆய்வு 2001இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. 81 மி.கி. ஆஸ்பிரினுக்கு 2 மணி நேரம் முன்பே 400 மி.கி. இபுப்ரோஃபென் போட்டவர்களிடம் தட்டணுத் தடுப்பு மறுநாள் வரை நிலைக்கவில்லை. வரிசையை மாற்றிக் கொடுத்தபோது நிலைத்தது. அதே ஆய்வில் பாரசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் ஆஸ்பிரினுக்குக் குறுக்கே வரவில்லை. இதை வைத்து டைக்ளோஃபெனாக்குக்கு மாறிவிடாதீர்கள். இதய நோயாளிக்கு அதனாலேயே தனியாக மாரடைப்பு அபாயம் உண்டு.

2006இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொன்ன நேரக் கணக்கு இது: சாதாரண ஆஸ்பிரின் போட்டு குறைந்தது 30 நிமிடம் கழித்து இபுப்ரோஃபென் போடலாம், அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கும் முன்பே போட்டிருக்க வேண்டும். அரை ஆயுளை வைத்துப் பார்த்தால் எட்டு மணி நேரத்தில் இபுப்ரோஃபென் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். எப்போதாவது ஒரு மாத்திரை போட்டதால் பெரிய பாதிப்பு வராது என்றும் அதே நிர்வாகம் சொல்லியிருக்கிறது. அதனால் போன மாதம் போட்டதை நினைத்து இப்போது பயப்பட வேண்டாம்.

ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கலாம். நம் ஊரில் இதயத்துக்குக் கொடுக்கும் 75 மி.கி. ஆஸ்பிரின் பெரும்பாலும் வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரையும்படி மேற்பூச்சுப் பூசியது. அது எப்போது கரைந்து ரத்தத்துக்கு வரும் என்பது ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு மாறும். அந்த 30 நிமிடக் கணக்கு பூச்சில்லாத மாத்திரைக்கு மட்டும்தான். பூச்சுள்ளதற்கு அந்த நிர்வாகமே நேரம் எதுவும் பரிந்துரைக்கவில்லை. மேலே சொன்ன ஆய்வில் பூச்சுள்ள ஆஸ்பிரினைக் காலையில் முதலில் கொடுத்தும், இபுப்ரோஃபெனை ஒரு நாளைக்கு மூன்று வேளை கொடுத்தபோது தடுப்பு குலைந்தது. அப்புறம், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயமும் கூடும். ஸ்டென்டுக்காக குளோபிடோக்ரெல் போன்ற இரண்டாவது தட்டணுத் தடுப்பு மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால் இது இன்னும் கவனிக்க வேண்டியது.

மூட்டு வலிக்குப் பாரசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கல்லீரல் கோளாறோ மதுப் பழக்கமோ இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கடையில் வாங்கும்போது மேலே உள்ள பெயரை மட்டும் பார்க்காமல் அட்டையைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படியுங்கள். காம்பிஃப்ளாம் போன்ற மாத்திரைகளில் பாரசிட்டமாலோடு 400 மி.கி. இபுப்ரோஃபெனும் சேர்ந்தே இருக்கிறது. காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் வீட்டில் வாங்கி வைத்திருக்கும் அட்டைகளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.