'தௌ' மரியாதைச் சொல்லா?

கேள்வி: பழைய ஆங்கில பைபிளில் கடவுளை 'தௌ', 'தீ', 'தை' என்று அழைக்கிறார்கள். 'யூ'வை விட இது உயர்ந்த மரியாதை என்று பள்ளியில் படித்தேன். சரிதானா? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: நேர் எதிர். 'தௌ' என்றால் நீ, 'தீ' என்றால் உன்னை, 'தை' என்றால் உன்னுடைய. அவ்வளவுதான். 'யூ'தான் நீங்கள்! முதலில் அது வெறும் பன்மை. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரெஞ்சுப் பழக்கத்தைப் பார்த்து, பெரிய மனிதர் ஒருவரையே பன்மையில் அழைக்க ஆரம்பித்தார்கள், நம் 'நீங்கள்' வந்த அதே வழி. அப்புறம் தௌ சொல்வதே ஆளைக் குறைத்துப் பேசுவதாகிவிட்டது. 1603இல் ஆங்கிலக் கடலோடி வால்டர் ராலே மீது ராஜதுரோக வழக்கு நடந்தபோது அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், "உன்னை நான் தௌ என்றுதான் சொல்வேன், துரோகியே" என்று சீறினார். 'வாங்க, போங்க' என்று பேசவேண்டிய சபையில் 'வாடா' என்ற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், மனிதரெல்லாம் சமம் என்று நீதிபதிகளையும் தௌ போட்டுப் பேசி வசவும் அடியும் வாங்கினார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மதிப்பு உண்டு.

சரி, கடவுளை ஏன் அப்படி? 1611இல் வந்த ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பில், மூலத்தில் ஒருமை இருந்த இடமெல்லாம் ஒருமையே போட்டார்கள். கடவுளுக்கும் தௌ, மனிதனுக்கும் தௌ, "அப்பாலே போ சாத்தானே" என்று துரத்தும் இடத்திலும் அதே 'தீ'. பிறகு தெருவில் இந்தச் சொல் செத்து, ஜெபத்தில் மட்டும் மிஞ்சியதால் கேட்கிறவர்களுக்கு அது உயர்ந்ததாகத் தோன்றிவிட்டது. தமிழ் பைபிள்காரர்கள் ஒருமையை விட்டு, 'உம்முடைய நாமம்' என்று மரியாதையாகவே போட்டார்கள்.

கேள்வி: ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஜூலியட் "வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ" என்கிறாளே, அவனைத் தேடுகிறாளா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தேடவில்லை. 'வேர்ஃபோர்' என்றால் எதனால். பகையாளி வீட்டுப் பெயரைச் சுமந்துகொண்டு நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய் என்று புலம்புகிறாள். 'தேர்ஃபோர்', அதாவது அதனால், இன்றும் இருக்கிறது. அதன் ஜோடிதான் வழக்கொழிந்துவிட்டது. இந்தச் சொற்களைப் பிடிக்கத் தமிழருக்குச் சுலபமான வழி உண்டு. நம் இ, அ, எ போல அங்கே ஹ, த, வ. 'ஹிதர், திதர், விதர்' என்றால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எந்தப் பக்கம். 'ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ்' என்றால் இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து. 'இருந்து' சொல்லுக்குள்ளேயே இருப்பதால்தான் 'ஃப்ரம் வென்ஸ்' என்று எழுதினால் இலக்கணக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.