ஜாக்கெட்டா, விங்கா? முதல் பிசிடி வாங்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: சொந்த ஊர் காவேரிப்பட்டணம், வேலை ஓசூரில். ஸ்கூபா டைவிங்கில் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கக் கோர்ஸ் முடித்திருக்கிறேன். வருடத்துக்கு மூன்று நான்கு முறை புதுச்சேரியிலும் ஒரு முறை அந்தமானிலும் டைவ் செய்கிறேன். எடை 58 கிலோ, உயரம் 158 செ.மீ. வாடகைக்கு எடுக்கும் ஜாக்கெட் வகை பிசிடி (காற்றடித்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் உடுப்பு) மேலேறிக் கழுத்தை இடிக்கிறது, காற்றடித்தால் மூச்சு முட்டுகிறது, தண்ணீருக்குள் கால் தொங்குகிறது. 3 மி.மீ. வெட்சூட்டுக்கு (மிதக்கும் ரப்பர் உடை) 8 கிலோ ஈயம் கட்டிவிடுகிறார்கள். சொந்தமாக பிசிடி வாங்கலாம் என்றால் கடைக்காரர் ஜாக்கெட் என்கிறார், கூட டைவ் பண்ணும் தோழிகள் விங் (முதுகில் மட்டும் காற்றுப்பை உள்ளது) என்கிறார்கள். எதை வாங்கட்டும்?

பதில்: நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளில் ஒன்றுதான் ஜாக்கெட்டின் பிறவிக்குணம். வயிற்றையும் விலாவையும் சுற்றிக் காற்றுப்பை இருப்பதால், முழுதாக ஊதினால் அது நெஞ்சை நெருக்கத்தான் செய்யும். மேலேறுவது அளவுப் பிரச்சினை. கால் தொங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த 8 கிலோ. இடுப்பில் ஈயம் கீழே இழுக்க, அதை ஈடுகட்ட அடித்த காற்று தோள்பக்கம் போய்ச் சேர, உடம்பு செங்குத்தாக நிற்கிறது. இதைச் சரிசெய்யாமல் எந்த விங்கை வாங்கினாலும் கால் தொங்கும்.

எனவே முதலில் ஈயம். இங்கே டைவ் சென்டர்களில் பெரும்பாலும் கிடைக்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் நிரம்பிய காற்றின் எடை மட்டுமே இரண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நிரம்பியிருக்கும்போது அது தண்ணீருக்குள் ஒரு கிலோவுக்குள் கனக்கும். காலியானதும் சுமார் 2 கிலோ மேலே தூக்கும். ஈயம் இந்தக் கடைசி நிலைக்குத்தான் போதுமானதாக இருக்க வேண்டும். டைவ் முடிவில் சிலிண்டரின் அழுத்த கேஜ் 50 பார் (கிட்டத்தட்டக் காலி) காட்டும்போது, படகுக்குப் பக்கத்தில் பிசிடியிலுள்ள காற்றை முழுதாக வெளியேற்றி, சாதாரணமாக மூச்சிழுத்து நிறுத்துங்கள், காலை ஆட்டாதீர்கள். நீர்மட்டம் கண்ணளவில் நின்று, மூச்சை விட்டதும் மெதுவாக அமிழ்ந்தால் ஈயம் சரி. மூச்சு பிடித்திருக்கும்போதே அமிழ்ந்தால் அடுத்த டைவில் ஒரு கிலோ குறையுங்கள். உங்கள் எடைக்கும் 3 மி.மீ. சூட்டுக்கும் கடலில் 4 முதல் 5 கிலோவுக்குள் வந்து நிற்க வாய்ப்பு அதிகம். இந்தச் சோதனையை நீச்சல்குளத்தில் செய்தால் அந்த எண்ணைக் கடலுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. நீங்களும் கருவிகளும் சேர்ந்து 80 கிலோவைத் தாண்டும். உப்புநீர் இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது என்பதால் கடலில் சுமார் 2 கிலோ கூடுதலாக வேண்டியிருக்கும்.

அதிக ஈயம் வெறும் அசௌகரியம் அல்ல. 3 கிலோ ஈயம் மிகுதி என்றால் அதைத் தாங்க 3 லிட்டர் காற்று எப்போதும் பைக்குள் இருந்தாக வேண்டும். 20 மீட்டரில் அழுத்தம் 3 பார். அங்கே 3 லிட்டராக இருப்பது 10 மீட்டருக்கு ஏறும்போது நாலரை லிட்டர், வெளியேற்றாமல் விட்டால் மேற்பரப்பில் 9 லிட்டர். புதியவர்கள் பிடி தவறிச் சட்டென்று மேலே போய்விடுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இனி தூக்குதிறன், அதாவது பை எத்தனை கிலோவைத் தாங்கும் என்பது. பை இரண்டு வேலை செய்ய வேண்டும். ஆழத்தில், டைவின் தொடக்கத்தில், காற்றின் எடையான இரண்டரை கிலோவையும் வெட்சூட் நசுங்கி இழக்கும் மிதப்பையும் ஈடுகட்ட வேண்டும். உங்கள் சூட்டுக்கு அந்த இழப்பு 2 கிலோவைத் தாண்டாது; மொத்தம் 5 கிலோவுக்குள். மேற்பரப்பில், நீங்கள் கழற்றிவிட்டாலும் செட் தானாக மிதக்க வேண்டும்: சிலிண்டர் ஒரு கிலோ, ரெகுலேட்டர் (மூச்சுக் கருவி) ஒரு கிலோ, ஈயம் 5 கிலோ, ஆக 7. தலை நன்றாக வெளியே நிற்கக் கொஞ்சம் கூட்டினால் 10 முதல் 13 கிலோ தூக்குதிறன் உங்களுக்குத் தாராளம். 20 கிலோ விங்கை யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மிச்சத் துணி சிலிண்டரைச் சுற்றி மடிந்து, அந்த மடிப்புக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வை இழுத்தாலும் வெளியே வராது.

இந்தக் கணக்கோடு பார்த்தால் உங்களுக்கு என் தேர்வு, முதுகில் மட்டும் பை உள்ள, மெத்தை முதுகு வைத்த சிறிய பேக்-இன்ஃப்ளேட் பிசிடி. நெஞ்சு நெருக்கல் இல்லை, நீருக்குள் கிடைமட்டமாகக் கிடப்பது எளிது. இதற்கும் ஒரு குறை உண்டு: மேற்பரப்பில் முழுதாக ஊதினால் முகத்தைத் தண்ணீரில் குப்புறத் தள்ளும். டைவ் முடிவில் காலி சிலிண்டரும் பின்னாலிருந்து தூக்குவதால் இது இன்னும் கூடும். மோவாய் வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் காற்றடியுங்கள், சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் பின்னால் சாயுங்கள், ஒரு கிலோ கட்டி இரண்டை சிலிண்டர் பக்கமுள்ள பின் பாக்கெட்டுகளில் போடுங்கள். பிரச்சினை பெரும்பாலும் அத்தோடு தீரும்.

பேக்பிளேட்டும் (முதுகுத் தகடு) விங்கும் எனக்குப் பிடித்த அமைப்பு. பட்டையை உடம்புக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளலாம், தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்றலாம். ஸ்டீல் தகடு இரண்டரை முதல் 3 கிலோ இருப்பதால் அந்த அளவு ஈயம் மிச்சம். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகக் காரில் புதுச்சேரி போகிறவர்களுக்கு இது அருமை. ஆனால் அந்தமானுக்கு உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோ பெட்டிதான். அங்கே ஒரு கிலோ அளவிலான அலுமினியத் தகடுதான் ஒத்துவரும். 158 செ.மீ. உயரத்துக்கு வழக்கமான தகடு நீளம் அதிகம், குட்டைத் தகடு கேட்டு வாங்குங்கள். கவட்டுப் பட்டை கட்டாயம். மேலேறுவதை நிறுத்துவது அதுதான். சிலிண்டரைப் பக்கவாட்டில் மாட்டும் சைட்மவுண்ட் உங்களுக்கு இப்போது தேவையில்லை.

(புதுச்சேரி என்றதும் ஒன்று. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் உயரத்துக்குப் போனால் குமிழாகலாம். டைவுக்குப்பின் விமானம் ஏற ஒரு டைவுக்குக் குறைந்தது 12 மணி, பல டைவுக்கு 18 மணி என்று சொல்லும் இடைவெளி 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களுக்கானது; மலைச்சாலைக்கும் அதே உடம்புதான். காலையில் இரண்டு டைவ் முடித்து மதியமே காரை எடுக்காதீர்கள், இரவு அங்கேயே தங்குங்கள்.)

கடையில் வெட்சூட்டைப் போட்டுக்கொண்டு அணிந்து பாருங்கள். எல்லாப் பட்டைகளையும் இறுக்கிப் பையை வால்வு சீறும்வரை ஊதி, ஆழமாக மூச்சிழுங்கள். இன்னொருவரைத் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள்; நாலு விரல் ஏறினால் அடுத்த சின்ன அளவு. இன்ஃப்ளேட்டரோடு (பைக்குக் காற்றடிக்கும் கருவி) மாற்று ரெகுலேட்டர் ஒட்டியிருக்கும் மாடலைத் தவிருங்கள். பலவற்றில் அதன் குழாய் இணைப்பு பெரிது, வாடகை ரெகுலேட்டரின் குழாய் பொருந்தாமல் படகில் திண்டாடுவீர்கள். பழையதை வாங்கினால் முழுதாக ஊதி ஓர் இரவு வையுங்கள், காலையில் தொய்ந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். சிலிண்டர் பட்டையை நனைத்த பிறகே இறுக்குங்கள்; உலர்ந்த நைலான் நனைந்ததும் நெகிழ்ந்து, சிலிண்டர் நழுவும்.

நெஞ்சு நெருக்கலைப் பொறுத்துக்கொள்ள முடியும், மேற்பரப்பில் நிமிர்ந்தே நிற்கவேண்டும், பெரிய பாக்கெட் வேண்டும் என்றால் சரியான அளவு ஜாக்கெட்டும் தப்பில்லை.

வீட்டுக்கு வந்தபின் பைக்குள் மூன்றில் ஒரு பங்கு நல்ல தண்ணீர் விட்டு, ஊதி, குலுக்கி, இன்ஃப்ளேட்டர் குழாய் வழியாகவே வடியுங்கள், இரண்டு தடவை. உப்புப் படிந்த இன்ஃப்ளேட்டர் வால்வு சிக்கினால் டைவ் நடுவில் பை தானாக ஊத ஆரம்பிக்கும். அப்படி நேர்ந்தால் உடனே அதற்குக் காற்று கொண்டுவரும் லோ-பிரஷர் குழாயைப் பிடுங்கிவிட்டு டம்ப் வால்வை இழுக்க வேண்டும். குளத்தில் ஒரு முறை பழகிக்கொள்ளுங்கள். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் கடினநீர். அதில் அலசி அப்படியே உலரவிட்டால் உப்பு போன இடத்தில் சுண்ணாம்புப் படிவம் உட்காரும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வரும் வீடென்றால் கவலையில்லை, இல்லாவிட்டால் கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஐந்து லிட்டர் போதும். மொட்டைமாடி வெயில் வேண்டாம். பாதி ஊதி, தடித்த ஹேங்கரில் நிழலில் தொங்கவிடுங்கள். உலர்ந்த பிறகும் அந்தப் பாதிக் காற்றோடே வையுங்கள், உள்சுவர்கள் ஒட்டாது.